கறுப்புச் சாம்பலை ஆசிட்டில் கழுவலாமா?

கேள்வி: ஐயா, மானூர் பக்கத்தில் சின்ன அளவில் பிளை ஆஷ் செங்கல் போடுகிறேன். எப்போதும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் வாங்குவேன். இந்த முறை லோடு வரத் தாமதமானதால், புரோக்கர் ஒருவர் மூலம் ஏதோ ஒரு மில்லின் பாய்லர் சாம்பல் இரண்டு லோடு இறக்கினேன். பாதி விலைதான். ஆனால் கறுகறு என்று இருக்கிறது. நடுநடுவே மயிர் மாதிரி மெல்லிய கம்பித் துண்டுகள். அதில் போட்ட கல் இரண்டு நாள் ஆகியும் இறுகவில்லை, கை வைத்தால் உதிர்கிறது. புரோக்கரைக் கேட்டால், "இதில் ஈயம், துத்தநாகம் எல்லாம் கொஞ்சம் இருக்கும் அண்ணாச்சி. ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டால் போய்விடும். அப்புறம் கல்லுக்கும் போடலாம், வயலுக்கும் போடலாம்" என்று சொல்லி ஒரு வீடியோவும் காட்டினார். மீதிச் சாம்பலைத் தன் வயலில் கொட்டிக்கொள்கிறேன் என்கிறான் என் தம்பி. கழுவலாமா? வயலுக்குப் போடலாமா? தூத்துக்குடிச் சாம்பலிலும் இதே விஷம் உண்டா?

— ஒரு வாசகர், மானூர் வட்டாரம்

பதில்: அண்ணாச்சி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால். அந்தச் சாம்பலில் ஆசிட் ஊற்றாதீர்கள். வயலுக்கு அனுப்பாதீர்கள். இனி ஒரு கல்லும் அதில் போடாதீர்கள். இதைப் படித்து முடித்ததும் குவியல் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு, நான்கு ஓரமும் கல் வைத்து அழுத்திவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மெல்லிய கம்பி. நிலக்கரியிலும் விறகிலும் உமியிலும் கம்பி கிடையாது. டயரில் உண்டு. லாரி டயர், கார் டயர் எல்லாவற்றிலும் ரப்பருக்குள் மெல்லிய எஃகுக் கம்பி பின்னியிருக்கும், எரித்தால் அது மட்டும் மிஞ்சும். கறுப்பு நிறமும் அதற்குப் பொருந்துகிறது. டயர் ரப்பரில் கணிசமான பங்கு கார்பன் கறுப்பு என்ற கரித்தூள், சரியாக எரியாவிட்டால் அப்படியே சாம்பலில் தங்கிவிடும். ரப்பரைப் பதப்படுத்தும்போது எடையில் சுமார் 1 முதல் 2 சதவீதம் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். ரப்பர் எரிந்து போனபின் அது சாம்பலில் பல மடங்கு செறிந்து நிற்கும்.

கல் இறுகாததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். துத்தநாகமும் ஈயமும் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். சிமெண்ட் துகளைச் சுற்றித் துத்தநாகம் மெல்லிய படலமாகப் படிந்து, தண்ணீர் உள்ளே போய் வினைபுரிய விடாமல் தடுக்கிறது. கூடவே எரியாத கரி நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டைக் கூட்டிப் போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழுது சிமெண்டில் இல்லை. இந்தச் சாம்பலில் டயர் மட்டும்தான் இருக்கிறதா, பழைய வயர், பெயிண்ட் பூசிய மரம், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து எரிந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிச் சேர்ந்திருந்தால் ஈயமும் காட்மியமும் கூடவே வரும். "பாய்லர் சாம்பல்" என்று புரோக்கர் சொன்னது பொய்யில்லை. பாய்லரில் என்ன எரித்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்து, நீங்கள் வழக்கமாக வாங்கும் தூத்துக்குடிச் சாம்பல். அதிலும் கன உலோகங்கள் உண்டு, ஆனால் கதை வேறு. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு. ஆர்சனிக், ஈயம், குரோமியம், நிக்கல், செலினியம் எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். உலையின் சூட்டில் சாம்பல் உருகிக் கண்ணாடி உருண்டையாகிறது. உலோகத்தில் ஒரு பங்கு அந்தக் கண்ணாடிக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் பாகுக்குள் இறுகிய கடலையைப் போல. ஆர்சனிக், செலினியம், காட்மியம் மாதிரி சூட்டில் ஆவியாகிற உலோகங்கள் புகையோடு மேலே போய், புகை குளிரும்போது துகள்களின் மேல்தோலில் படிகின்றன. மழைத் தண்ணீரில் முதலில் கரைவது இந்த மேல்தோல்தான். துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு மேல்பரப்பு, அவ்வளவு உலோகம். இதில் ஒரு சங்கடம் உண்டு: மைதா மாதிரி நைசான சாம்பல்தான் கல்லுக்கு நல்ல வலு தரும் என்று நீங்கள் விரும்பி வாங்குகிறீர்கள், உலோகம் கூடுதலாக இருப்பதும் அதில்தான். அடியில் விழும் கட்டிச் சாம்பலில் ஆவியாகிற உலோகம் குறைவு.

இந்த அமைப்பு புரிந்தால், கழுவினால் என்ன போகும், என்ன போகாது என்பது தானே விளங்கும்.

வெறும் தண்ணீரில் கழுவினால் உப்புகள் போகும். மேல்தோலில் இருக்கும் போரான், செலினியம், மாலிப்டினம், ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு கூடிய வடிவம்) ஆகியவற்றில் ஒரு பங்கும் போகும். ஈயம் பெரும்பாலும் அசையாது. அமிலத்தில் கழுவினால் ஈயம், காட்மியம், துத்தநாகம் நன்றாகவே கரையும், வீடியோவில் காட்டியது அதுதான். ஆனால் கண்ணாடிக்குள் இருப்பது வராது. சாம்பலில் சுண்ணாம்பு இருந்தால் அது முதலில் ஆசிட்டைக் குடித்துத் தீர்க்கும். அலுமினியமும் இரும்பும் கூடவே கரையும். சிலிக்கா கூழாகி வடிகட்டியை அடைக்கும். ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் உலோகத்தைக் கவ்வி இழுத்து வரும், திறமையாகவே செய்யும். ஆனால் அதுவே மண்ணில் சீக்கிரம் சிதையாது, சிந்தினால் கவ்விய உலோகத்தோடு கிணற்றுத் தண்ணீர் வரை போகும். சிட்ரிக் அமிலம் சாது, வேலையும் சாதுவாகத்தான் நடக்கும். கந்தக அமிலம் சுரக்கும் பாக்டீரியாவையும், சிட்ரிக் அமிலம் சுரக்கும் கறுப்புப் பூஞ்சையையும் வைத்துச் சாம்பலிலிருந்து உலோகம் பிரிக்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த வழி அதுதான், ஆனால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். நிறைய தண்ணீரில் கொஞ்சம் சாம்பலைப் போட்டால்தான் அந்த உயிர்கள் பிழைக்கும்.

உங்கள் கொட்டகையில் ஆசிட் ஊற்றினால் என்ன நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். டயர் எரிந்த சாம்பலில் கந்தகம் சல்பைடாக இருக்கும். ஆசிட் பட்டதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அப்போதுதான். எஃகுக் கம்பியோடு ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும். சாம்பலில் ஆர்சனிக்கும் இருந்துவிட்டால் அந்த ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆர்சின் என்ற வாயு உண்டாகலாம். மிகச் சிறிய அளவிலேயே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் நஞ்சு அது. இதையெல்லாம் மூடிய கலத்தில், வாயுவை இழுத்துச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டோடுதான் செய்வார்கள். பிளாஸ்டிக் டிரம்மும் ரப்பர் கையுறையும் போதாது.

உயிர் தப்பியது என்றே வைத்துக்கொள்வோம். கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் கழுவிய சாம்பலில் குளோரைடு தங்கும். அந்தக் கல்லையோ கலவையையோ கம்பி உள்ள கட்டுமானத்தில் வைத்தால் கம்பி துருப்பிடிக்கும். கந்தக அமிலம் என்றால் ஜிப்சம் உண்டாகி, பின்னால் சுவரில் உப்புப் பூக்கும், சில சமயம் கல் உப்பி வெடிக்கும்.

அப்புறம் கழுவிய தண்ணீர். ஒரு லோடு 10 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 5 லிட்டர் என்று சிக்கனமாகக் கழுவினாலும் 50,000 லிட்டர். மானூர்ப் பக்கத்தில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? கிடைத்தாலும், கழுவி முடித்ததும் அது ஈயமும் துத்தநாகமும் கரைந்த அமிலத் தண்ணீர். அதில் சுண்ணாம்பு போட்டு, பிஎச் என்ற அமில-கார அளவை 9, 10 வரை ஏற்றினால் உலோகம் சேறாகப் படியும். அந்தச் சேறு சட்டப்படி அபாயக் கழிவாக நிற்கும். அதைக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். சாம்பலில் இருந்த நஞ்சு எங்கும் மறைவதில்லை, தண்ணீருக்கு மாறி, அங்கிருந்து சேறுக்கு மாறுகிறது. அந்தச் சேறை யார் எங்கே வைப்பார் என்பதற்குப் பதில் இல்லாமல் "உலோகம் நீக்கும் முறை" என்று பேசுகிற எந்த வீடியோவையும் நான் நம்பமாட்டேன்.

அப்படியானால் உலகத்தில் யாருமே சாம்பலைக் கழுவுவதில்லையா? கழுவுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் நகரக் குப்பையை எரிக்கும் ஆலைகளின் நுண்சாம்பலை அமிலத்தில் கழுவித் துத்தநாகத்தை மீட்கிறார்கள். அந்தச் சாம்பலில் ஈயம் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம், துத்தநாகம் அதைவிடப் பல மடங்கு. ஆகவே மீட்கும் உலோகத்துக்கு விலை உண்டு. கழுவும் அமிலமும் வாங்கியதில்லை, அதே ஆலையின் புகையைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் கழிவு அமிலம்தான். வேறு வழியும் இருக்கிறது: சாம்பலோடு கால்சியம் குளோரைடு போன்ற உப்பைக் கலந்து 900, 1000 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் குளோரைடாகி ஆவியாகப் பறந்துவிடும், அதைக் குளிர்வித்துப் பிடித்துக்கொள்ளலாம். ஜப்பானில் சாம்பலை முழுக்க உருக்கிக் கண்ணாடியாக்கும் ஆலைகள் உண்டு. எல்லாமே பெரிய ஆலை வேலை. நிலக்கரிச் சாம்பலில் உலோகம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இந்தச் செலவு கட்டுப்படியாகாது.

உங்கள் தூத்துக்குடிச் சாம்பலுக்கு ஏற்ற வழி, உலோகத்தை எடுக்காமல் கல்லுக்குள்ளேயே பூட்டுவது. நீங்கள் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் சாம்பலின் சிலிக்காவோடு சேர்ந்து கூழ் போன்ற பொருள் உண்டாகி இறுகுகிறது. ஈயம் அதில் ஒட்டிக்கொள்கிறது, ஆர்சனிக் சுண்ணாம்போடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிறது. குரோமியம்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் காரத்தில் சுலபமாகக் கரையும். அதற்கு நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் பெரஸ் சல்பேட் கொஞ்சம் சேர்த்தால், நச்சு குறைந்த, கரையாத மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிடும். ஐரோப்பாவில் சிமெண்டில் இந்தக் குரோமியம் 10 லட்சத்தில் 2 பங்குக்கு மேல் கூடாது என்று 2005 முதல் விதி. சிமெண்ட் கம்பெனிகள் அங்கே அன்னபேதி கலப்பது அதற்காகத்தான். உங்கள் சாம்பலில் குரோமியம் கூடுதலாக வந்தால் மட்டும் இது வேண்டும், சும்மா போடாதீர்கள், கல்லில் துருக்கறை வரும்.

பூட்டு நன்றாக விழுவது கியூரிங்கில். இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் ஈரம் காயாமல் வைத்தால் உள்துளைகள் அடைபட்டு, கல்லுக்குள் தண்ணீர் போய் வரும் வழி குறைகிறது. அவசரத்துக்கு நான்கு நாளில் லாரி ஏற்றும் கல்லில் வலுவும் குறையும், உலோகமும் கசியும். தண்ணீர் உறிஞ்சும் அளவு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 12894 சொல்கிறது. அதை வலுவுக்கான சோதனை என்று மட்டும் நினைக்காதீர்கள், கசிவுக்கும் அதுவே முதல் அறிகுறி.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய அங்கீகாரம் பெற்ற எந்த ஆய்வகத்திலும் செய்வார்கள். "மெட்டல் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் சாம்பலில் மொத்தம் எவ்வளவு என்ற கணக்கைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் மூன்று கேளுங்கள்: மொத்த அளவு, டிசிஎல்பி என்ற அமிலக் கசிவுச் சோதனை, வெறும் தண்ணீர்க் கசிவுச் சோதனை. டிசிஎல்பியில் ஒரு பங்கு சாம்பலுக்கு 20 பங்கு அசெட்டிக் அமிலக் கரைசல் ஊற்றிச் சுமார் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். 2016 அபாயக் கழிவு விதிகளில் வரம்பு ஈயத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம், ஆர்சனிக்குக்கு 5, காட்மியத்துக்கு 1. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 20 பங்கு தண்ணீர் என்பதால், கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஈயம் உள்ள சாம்பலில் அத்தனையும் கரைந்தாலும் லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் வரும். அது தோற்கவே முடியாது. ஆனால் குடிநீருக்கு ஈயத்தின் வரம்பு 0.01 மில்லிகிராம். ஆக, "பாஸ்" என்று வந்தால் அபாயக் கழிவு இல்லை என்றுதான் பொருள், கிணற்றோரம் கொட்டலாம் என்று பொருள் இல்லை. தண்ணீர்ச் சோதனையைத் தனியாகக் கேட்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஆர்சனிக், செலினியம், குரோமியம் மூன்றும் காரத்தன்மையில்தான் அதிகம் நகரும், அமிலச் சோதனை அவற்றைக் குறைத்துக் காட்டக்கூடும்.

வயல் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கேட்பார்: "துத்தநாகம் பயிருக்கு நல்லதுதானே, ஜிங்க் சல்பேட் காசு கொடுத்து வாங்கித்தானே போடுகிறோம்?" சரிதான். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்வார்கள். அதில் துத்தநாகம் 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். உங்கள் கறுப்புச் சாம்பலில் துத்தநாகம் 1 சதவீதம் மட்டுமே என்று தாராளமாக வைத்தாலும் ஒரு 10 டன் லோடில் 100 கிலோ. ஏறக்குறைய 50 ஏக்கருக்கானதை ஒரே இடத்தில் கொட்டுகிறார். அதோடு துத்தநாகம் இருக்கும் இடத்தில் காட்மியமும் இருக்கும், பூமியிலேயே இரண்டும் ஒரே தாதுவில் பிறக்கிறவை. நெல் வயல் இதில் இரண்டு பக்கமும் அடி வாங்கும். தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் விடுபடும். தண்ணீரை வடித்துக் காயப்போட்டால் காட்மியம் விடுபட்டு நெல்மணிக்கு ஏறும். ஒன்றைத் தடுக்கப் போனால் மற்றது வரும்.

சுத்தமான நிலக்கரிச் சாம்பலையே மண் பரிசோதனை செய்து கட்டுப்பாட்டோடுதான் விவசாயத்தில் பயன்படுத்தலாம் என்பது மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கையின் நிலை. என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் அதற்குத் தேவையே இல்லை. குளத்துக் கரம்பை கிடைக்கிற ஊரில் அனல் மின் சாம்பலை எதற்கு வயலுக்கு அடிப்பது? சாம்பல்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால், உமி மட்டும் எரிக்கிற அரிசி ஆலையில் கேட்கட்டும். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, நெல்லுக்கு வேண்டியதுதான். எதைப் போடுவதற்கும் முன்னால் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் மண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுவது நல்லது.

இனி அந்த இரண்டு லோடு. ஆடிக் காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மூடாத சாம்பல் பக்கத்து வீட்டுச் சோற்றுப் பானை வரை போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் குவியல் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். ஓடைக்கரையில் இருந்தால் இன்றே மேட்டுக்கு மாற்றுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எந்த ஓடை எங்கே ஏறியது என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அள்ளுகிற ஆட்களுக்கு வெறும் துண்டு போதாது, நுண்தூசியைத் தடுக்கும் என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். உதிர்ந்த கல்லையும் அதே குவியலோடு சேருங்கள், பள்ளம் நிரப்பவோ வாசலில் பாவவோ கொடுக்காதீர்கள்.

புரோக்கரிடம் எழுத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மில், என்ன எரிபொருள்? பதில் சொல்லாவிட்டால் லோடைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள், அதற்கும் இழுத்தடித்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள். நீங்கள் ஏமாந்து வாங்கியவர், நீங்களாகப் போய்ச் சொல்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பிறகு அவர்கள் வந்து பார்க்கும்போது குவியல் உங்கள் இடத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். வாரியத்தின் அனுமதியோடு சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்ப வழியிருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். 1,450 டிகிரியில் எரியும் அந்தச் சூளையில் கம்பி இரும்பாகவும் துத்தநாகம் கிளிங்கர் என்ற சிமெண்டின் மூலக்கட்டிக்குள்ளும் சேர்ந்துவிடும். தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலை உள்ள மாவட்டம் நம்முடையது. எடுத்துக்கொள்வதும் மறுப்பதும் ஆலையின் விருப்பம்.

குவியல் கிளம்புவதற்கு முன்னால் மறக்காமல் மாதிரி எடுத்து வையுங்கள். மேலே, நடுவில், அடியில் என்று பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்து, மறுபடி கலந்து பிரித்து, கடைசியில் இரண்டு கிலோ வந்ததும் நிறுத்துங்கள். கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எறியாமல் அதிலேயே விடுங்கள். பாதியை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். மீதியை உலர்ந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தேதியும் லாரி எண்ணும் எழுதி, புரோக்கர் கண்ணில் படாமல் வீட்டில் வையுங்கள்.